மூன்று தீவுகளும் ஒரு படி தவிடும்

என் மகள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். இரண்டு வயது நிறைந்து, தண்ணீர், காக்கா, ரயில் என்றெல்லாம் சொல்ல வந்த பிறகும் நான் அவளுக்கு அக்காதான். அம்மா என்று அவள் கூப்பிட்டது என் தோழியை. குழந்தை மேல் இதில் ஒரு தவறும் இல்லை. நாங்கள்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

எனக்கு முதலில் பிறந்த ஆண்பிள்ளை பதினொரு நாள்தான் இருந்தான். அடுத்தது உண்டானதும் என் மாமியார், இது பிறந்த கையோடு தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது தெரிந்த வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை முறத்தில் போட்டு வாசலில் வைப்பார்கள். வேறொருத்தி ஒரு படி தவிடு கொடுத்துக் குழந்தையை எடுத்துக்கொள்வாள். பிறகு, என் பிள்ளையை வளர்த்துக் கொடு என்று பெற்றவள் கையிலேயே தருவாள். அன்றிலிருந்து அது வாங்கியவள் பிள்ளை. உயிரைக் கொண்டுபோக வருகிறவன் இந்த வீட்டில் தேடினால், இங்கே எங்கள் பிள்ளை யாரும் இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால்தான் பெற்றவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது.

வாங்குவதற்கு, எதிர்வீட்டில் ஐந்து பிள்ளைகளையும் நோய்நொடி இல்லாமல் வளர்த்த ஒரு அம்மாளை மாமியார் ஏற்பாடு செய்திருந்தார். குறித்த நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்து தீட்டாகிவிட்டது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, குழந்தையைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு என் தோழி ரயிலில் வந்து இறங்கினாள். திருவள்ளூரில் பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவளுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம். நேரம் தப்புது, நீயே வாங்கிக்கோம்மா என்றார் மாமியார். அவள் சிரித்துக்கொண்டே படியை வாங்கி, தவிட்டைக் கொட்டி, குழந்தையை எடுத்துக்கொண்டாள். அந்த அவசரத்தில் அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் கழிந்தும் இருக்காது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அவள் சென்னையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். திருநின்றவூரில் வீடு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோளில் ஒரு பை மட்டும் மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வருவாள். கேட் சத்தம் கேட்டதும் என் மகள் என் கையிலிருக்கும் சோற்றைத் தட்டிவிட்டு, அம்மா அம்மா என்று ஓடுவாள். மருந்து கொடுப்பது நான், மூக்கைச் சிந்திவிடுவது நான், மண்ணைத் தின்றால் வாயைப் பிளந்து விரலை விட்டு எடுப்பது நான். அவள் வந்து தூக்கிக்கொண்டு போய் லெவல் கிராஸிங்கில் ரயில் காட்டுவாள். போதாதா, பிறகு அக்கா யாருக்கு வேண்டும்?

பொறாமை என்ற சொல்லை அப்போது நான் எனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. தோழி உட்கார்ந்து எழுந்த பாயை ஏன் உடனே சுருட்டுகிறேன் என்றும், குழந்தைக்கு அவள் வாங்கி வந்த கவுனை ஏன் துவைத்துத் துவைத்துச் சாயம் போகவிட்டேன் என்றும் நான் யோசிக்கவில்லை.

தீவுகளுக்குப் போகும் யோசனையும் அவளுடையதுதான். அவள் அலுவலகத்தில் எல்லோரும் ஊட்டி, கொடைக்கானல் என்று போய்வந்து படம் காட்டுகிறார்களாம். நமக்கு ஏன் அதெல்லாம், உங்க ஊட்டுக்குப் பின்னால ஏரி நெறைய தீவு கீது, ஒரு படகு பிடிச்சி ஒவ்வொண்ணா எறங்கி ஏறினா போச்சு என்றாள். என் கணவருக்கு அது பிடித்துப் போயிற்று. அவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்தார். வீட்டில் அதிகம் பேசாதவர். அன்றைக்கு வரைபடக் காகிதத்தை விரித்து, தோழி சொல்லச் சொல்ல பென்சிலால் கோடு இழுத்தார். பொங்கல் லீவில் ஆரம்பாக்கத்தில் படகு ஏறுவது. வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும். மூன்று தீவுகளில் இறங்கி, மறுநாள் பழவேற்காட்டில் கரையேறுவது. தங்க ஓட்டல் கிடையாது, பள்ளிக்கூடம் இருக்கும். சமையல் நாமே. இரண்டு தம்பதிகள், ஒரு குழந்தை. என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பம்ப் ஸ்டவ்வுக்கு ஊசி இருக்கிறதா என்று.

சரி என்றேன். தண்ணீர் என்றால் எனக்குப் பயம். ஆனால் எனக்கு வேறொரு கணக்கு இருந்தது.

அதற்குச் சில மாதம் முன்னால், ஒரு அமாவாசையன்று திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கப் போயிருந்தேன். படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தன் பிள்ளையைக் காட்டி, இவனும் தவிட்டுக்கு விற்ற பிள்ளைதான், இரண்டு வயதில் திருப்பி வாங்கிவிட்டோம் என்றார். அதே படியால் அளந்த தவிடு, மஞ்சள் துணி, ஒரு மஞ்சள் கொம்பு. முன்பு வாங்கியவள் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் நம் பிள்ளை நம்மை அம்மா என்று கூப்பிடலாம் என்றார். நான் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கேட்டேன். ஐந்து வயது தாண்டாமல் பேச்செடுக்காதே என்றார். கணவரிடம் கேட்டேன். அம்மாவைக் கேள் என்றார்.

ஐந்து வயது என்றால் இன்னும் மூன்று வருஷம். அதற்குள் அந்தச் சொல் அவள் நாக்கில் ஊறிப்போய்விடாதா? மாமியார் இல்லாத இடம், தோழி என்னை விட்டு எங்கேயும் போக முடியாத இடம், இரண்டு நாள். அப்படி ஓர் இடம் எனக்கு வேறெங்கே கிடைக்கும்? கிளம்புவதற்கு முன்னால் அரிசிப் பானைக்குள் கிடந்த அதே பழைய படியை எடுத்து, தலைதட்டாக ஒரு படி தவிடு அளந்து, மஞ்சள் துணியில் கட்டி, பிஸ்கட் டின்னில் வைத்தேன். பிறகு எடுத்தேன். குழந்தைக்கு ஏதாவது ஆனால்? மறுபடி வைத்தேன். இப்படி மூன்று தடவை.

பயணத்தன்று காலை என் மூட்டைகளைப் பார்த்து தோழி வாயைப் பிளந்தாள். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் இரண்டு கூஜா, கொசுவலை, குடை, கிரைப் வாட்டர், புளிச்சோறு, பழந்துணி ஒரு பை, டின்கள் நான்கு. அவள் கணவர் பள்ளி ஆசிரியர், அமைதியானவர். இரண்டு தூண்டிலும் ஒரு டிரான்சிஸ்டரும் மட்டும் கொண்டு வந்திருந்தார்.

"இன்னாடி, குடித்தனம் வெக்கப் போறியா?" என்றாள் தோழி.

"அவளுக்கு உலகத்துல இருக்கறதெல்லாம் வேணும் சிஸ்டர்" என்றார் என் கணவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஒரு நாளும் அவரை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை என்று அந்த நேரத்தில் எண்ணிக்கொண்டேன். பாசஞ்சர் ரயிலில் ஆரம்பாக்கம் போய்ச் சேரும்வரை அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

படகுக்காரர் ஏரிக் குப்பத்தைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கும். பாயை ஏற்றிவிட்டு, நீண்ட மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு படகின் ஓரத்தில் நடந்தார். தண்ணீர் பச்சையும் இல்லை நீலமும் இல்லை, கழுநீர் நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. நான் ஒரு பழைய துண்டால் மகளின் இடுப்பைச் சுற்றி, மறுமுனையை என் இடுப்பில் கட்டியிருந்தேன். குழந்தை முறுக்கிக்கொண்டு அழுதது.

படகுக்காரர் கழியை நிறுத்தினார். "யம்மா, எறங்கி நின்னா உனக்கு இடுப்பு மட்டுந்தான் தண்ணி. எதுக்கு அந்தப் புள்ளயக் கன்னுக்குட்டி மாரி கட்டிப் போட்டுகினு கீற?"

தோழி குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் மடியில் ஏறி, படகின் விளிம்பில் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டது. அவள் அதன் பாவாடையைப் பின்னாலிருந்து இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டே விரல். எனக்குத் துண்டு வேண்டியிருந்தது, அவளுக்கு இரண்டு விரல் போதும். அம்மா, தண்ணி என்றாள் என் மகள். ஆமா, தண்ணி என்றாள் அவள்.

முதல் தீவில் ஆள் குடியிருப்பு இல்லை. மணலும் முள்ளும் நாலைந்து பனையும். தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றிருந்தன. வெள்ளைக் கரையில் யாரோ லேசாகக் குங்குமம் தடவியது போல இருந்தது. ஆண்கள் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறவைகளை நோக்கி நடந்தார்கள். தோழியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களோடு போனாள். நான் படகருகே மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்தேன். யாரும் காவல் இருக்கச் சொல்லவில்லை. அந்தத் தீவில் திருட ஒரு நாய்கூடக் கிடையாது. ஆனாலும் அந்த டின்னை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் நாலு பேரும் சிறியதாகிக்கொண்டே போனதைப் பார்த்தால், பார்க்கிறவர்களுக்கு ஒரு குடும்பம், ஒரு சித்தப்பா என்றுதான் தோன்றும். எது குடும்பம், யார் சித்தப்பா என்று நான் மனதுக்குள் ஆளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் நான் அதில் இல்லை.

இரண்டாவது தீவில் முப்பது நாற்பது குடிசைகள் இருந்தன. சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். படகுக்காரருக்குத் தெரிந்த வீட்டில் கூழும் கருவாடும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. என் கூஜாத் தண்ணீரை எல்லோரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைச் சுற்றி வந்தார்கள். ஒருத்தி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "யாரு கொழந்த நீ?" என்று கேட்டாள்.

குழந்தை தோழியைத் தொட்டு அம்மா என்றது. பிறகு யாரும் கேட்காமலே என் பக்கம் விரலை நீட்டி அக்கா என்றது.

"அதானே பாத்தேன், மூக்கு அப்புடியே கீதே" என்றாள் அந்தப் பெண், தோழியின் முகத்தைப் பார்த்து.

நான் தோழியைப் பார்த்தேன். இல்லையென்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் சொல்லவில்லை. குனிந்து குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைத்தாள். நானும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தைக்கு ஆகாதே என்ற பயம் ஒரு பக்கம். வெளியூரில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில், இது என் குழந்தை என்று வாதாட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேனே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். நாளைக் காலையில் முதல் வேலையாக அதை முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

காலையில் நான் குழந்தைக்குக் கஞ்சி வைத்து, முகம் கழுவி, தலை வாரி, எல்லாம் முடித்து டின்னைத் திறந்தேன். மஞ்சள் துணி அவிழ்ந்து கிடந்தது. மஞ்சள் கொம்பு ஒரு மூலையில் உருண்டு கிடந்தது. தவிடு பாதிக்கும் கீழே இருந்தது.

யாருடைய கை இது? எலியா? சாமியா? மாமியார் எப்படியோ தெரிந்துகொண்டு இங்கேயும் வந்துவிட்டாரா? அப்படியெல்லாம்கூட நினைத்தேன். படித்தவள்தான், இருந்தும் நினைத்தேன்.

கரையிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால், ஆசிரியரும் அவரும் முழங்கால் தண்ணீரில் தூண்டிலோடு நின்றிருந்தார்கள். கரையில் ஒரு சட்டியில் ஏழெட்டு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் இலைமேல், நேற்றைய சோற்றோடு பிசைந்த தவிட்டு உருண்டைகள்.

விடிந்ததும் படகுக்காரர், தவிடு இருந்தா மடவை மீன் ஓடியாரும் சார் என்று சொல்லியிருக்கிறார். தவிட்டுக்கு இங்கே எங்கே போவது என்று ஆசிரியர் கேட்க, என் கணவர், அவ மூட்டையில பாருங்க, இல்லாததே இருக்காது என்றிருக்கிறார். அவர்கள் பார்த்தார்கள், இருந்தது. ஒருவருக்கும் ஆச்சரியம்கூட இல்லை. கொசுவலையும் கிரைப் வாட்டரும் கொண்டு வந்தவள் மீனுக்குத் தவிடும் கொண்டு வந்திருப்பாள்.

"எல்லாத்தயும் முன்கூட்டி யோசிச்சிருக்கீங்க" என்றார் ஆசிரியர் என்னிடம், உண்மையான மரியாதையோடு. என் கணவர் பெருமையாகத் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை நினைத்துப் பெருமைப்பட்டதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். நான் சரி என்று சிரித்துவைத்தேன்.

தோழி அங்கே இல்லை. டின்னைத் திறந்துபோட்டுவிட்டு நான் கரைக்கு ஓடிவந்த நேரத்தில் அவள் தாழ்வாரத்தில் அதன் எதிரே நின்றிருக்கிறாள். நான் திரும்பிப் போனபோது துணி மடிக்கப்பட்டு, அதன்மேல் மஞ்சள் கொம்பு நேராக வைக்கப்பட்டு, டின் மூடியிருந்தது.

அந்த மீனை நான்தான் குழம்பு வைத்தேன். புளி, மிளகாய்த்தூள் எல்லாம் என் டின்களில் இருந்ததுதான். எல்லோரும் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தோழி முள்ளை எடுத்துவிட்டுக் குழந்தைக்கு ஊட்டினாள். படகுக்காரர், இந்த மாதிரி கொழம்பு எங்க ஊட்லகூட இல்ல என்றார். என் மகளின் விலையில் பாதி அந்தக் குழம்பில் கொதித்து எல்லோர் வயிற்றிலும் போய்க்கொண்டிருந்தது. அது எனக்கும் இன்னொருத்திக்கும் மட்டும்தான் தெரியும்.

மதியத்துக்கு மேல் கிளம்பினோம். மூன்றாவது தீவு என்று என் கணவர் காகிதத்தில் வட்டம் போட்டிருந்தது உண்மையில் தீவே இல்லை, தண்ணீர் இறங்கினால் தலைகாட்டும் ஒரு மணல்திட்டு. அதை நெருங்கும்போது படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகுக்காரர் கழியால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. மூன்று ஆண்களும் இறங்கி, முன்பக்கம் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் குழந்தையும் பின்பக்கம் உட்கார்ந்திருந்தோம். ஆண்களின் குரல் காற்றில் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"டப்பாவப் பாத்தேன்" என்றாள் தோழி.

நான் டின்னை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட கேக்கறதுக்கு இன்னாடி? இவ்ளோ தூரம் படகு ஏறி வந்துதான் கேக்கணுமா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

குழந்தை அவள் வளையலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தது. "தெரியல" என்றாள். "ஊட்ல வச்சிக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்னுதான் தோணுது."

பிறகு மெல்ல மற்றதைச் சொன்னாள். அவள் மாமியார் ஒரு வருஷமாகவே நச்சரிக்கிறாராம். விலைக்குப் பிள்ளை வாங்கிய வீட்டில் சொந்தமாகப் பிறக்காது, அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று. மாதாமாதம் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பிவைப்பதே அதற்குத்தானாம். அவள் வந்து, ரயில் காட்டிவிட்டு, கொடுக்காமலே திரும்பிப் போய், அவங்க ஊட்ல ஒத்துக்கல என்று சொல்லிவிடுவாளாம்.

"ஏன் குடுக்கல?" என்றேன். "உனக்கும் பொறக்கணும்னு இல்லியா?"

"ஏன்னா இன்னாடி சொல்றது" என்றாள். "கூப்புடுதே."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. இத்தனை நாள் அவளிடம் இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவள் என்னிடம் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காய்ச்சல் மருந்தும் மூக்குச்சளியும் சோற்றுக்கையும் அவளுக்குக் கிடைக்காதவை. நான் சுருட்டிய பாயை அவள் கவனித்திருப்பாள். சாயம் போன கவுனையும் கவனித்திருப்பாள்.

"சரி, குடு" என்று முந்தானையை விரித்தாள்.

நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பாதிகூட இல்லயே. மீனுக்குப் போட்டுட்டாங்களே."

"தெரியும். உம் பொண்ணு வெலையக் கொழம்பு வச்சித் தின்னுட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் சிரித்தாள். குழந்தையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. சிரிப்பு நின்றதும் பழைய பயம் வந்து உட்கார்ந்தது. "கொறயா இருந்தா ஆவுமா? நீ முழுப் படி குடுத்திருக்க. ஊட்டுக்குப் போயி அளந்து எடுத்தாரட்டுமா? இல்ல, அஞ்சு வயசு ஆவட்டும்னு உட்டுடலாமா?"

"இப்ப விக்கறவ நானு. எனக்குப் போதும்னா போதும். குடுடி, நான் மனசு மாறறதுக்குள்ள."

துணியை அவிழ்த்து அவள் முந்தானையில் கொட்டினேன். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்து, கால்வாசி தவிடு தண்ணீர்மேல் பறந்துபோயிற்று. மீதியை அவள் முடிந்துகொண்டாள். குழந்தையைத் தூக்கி என் மடியில் உட்காரவைத்து, "அம்மா இது" என்றாள். குழந்தை என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அக்கா என்று சொல்லிச் சிரித்தது. பிறகு என் மடியிலிருந்து இறங்கி, அம்மா என்று அவளிடமே போயிற்று. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். குழந்தை அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்குள் படகு சேற்றைவிட்டு மிதந்துவிட்டது. ஆண்கள் உற்சாகமாகத் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள்.

பழவேற்காட்டில் இறங்கி, பஸ் பிடித்து, பொன்னேரி ஸ்டேஷனுக்கு வந்தோம். அவர்களுக்குச் சென்னை வண்டி, எங்களுக்கு கும்மிடிப்பூண்டி வண்டி. அவர்கள் எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போனார்கள். அம்மா என்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்து என் மகள் வீறிட்டாள். தோழி திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, ரயில் வரும் திசையையே பார்த்து நின்றாள்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. நான் இரண்டு நாள் டின்னைக் கட்டிக்கொண்டு திரிந்து, திருட்டுத்தனமாகக் கேட்க நினைத்ததை, அவள் முந்தானையை விரித்து ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டாள். கொடுத்தவள் என்ற பெயரும் அவளுக்கே போயிற்று. ரயிலில் அழுது அழுது தூங்கிப்போன குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் அதற்காகவும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.

அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மாமியார் கேட்டதற்கு, ஆபீஸில் வேலை அதிகமாம் என்றேன். தவிட்டைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பேன். அம்மா சொல்லு, அம்மா. அது வாசல் கேட்டைப் பார்க்கும். பிறகு என்னைப் பார்த்து, அக்கா என்று திருத்தும்.

பங்குனி மாதம் அதற்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். சிவப்பு மிக்ஸ்சர் கொடுத்தார். இரண்டு நாளாகியும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாமியார் திருவள்ளூருக்கு வேண்டிக்கொள்ளப் போயிருந்தார். கணவர் ஷிப்டில் இருந்தார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கால்படியும் தேறாத தவிட்டுக்கு, ஐந்து வயதுக்கு முன்னாலேயே, ஒரு சொல்லுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை நம் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டேன். இப்போது யார் வந்து கேட்டாலும், ஆமாம், எங்கள் பிள்ளைதான் என்று சொல்ல வேண்டும்.

சமையலறையில் நின்றபடியே ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்து எழுதினேன். உடனே புறப்பட்டு வா. வரும்போது ஒரு படி தவிடு எடுத்துக்கொண்டு வா. மறுபடியும் நீயே வாங்கிக்கொள். அவள் உன்னையே கூப்பிடட்டும். மடித்து, ஓரத்தை எச்சில் தொட்டு ஒட்டப் போனேன். தொழிற்பேட்டையில் மதியச் சங்கு ஊதியது. அந்தச் சத்தத்தில் அறையில் குழந்தை விழித்துக்கொண்டது.

அம்மா என்று கூப்பிட்டது.

நான் கடிதத்தைப் பிடித்தபடியே நின்றேன். கேட் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தேன், யாரும் வந்திருக்கவில்லை. குழந்தை மறுபடியும் அம்மா என்றது, இந்தத் தடவை அழுகையோடு. எந்த அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் குழந்தை உண்மையைச் சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை. கடிதத்தை ஒட்டாமல் அம்மிக்கு அடியில் வைத்துவிட்டு, நான்தான் போனேன்.